வராது என்று நான் சொன்ன லைன்

இப்போது தொலைபேசித் துறையில் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை போகிறது. நூறு எம்.பி. வேகம் கேட்டவருக்கு நூறு, இருநூறு கேட்டவருக்கு இருநூறு. எங்கள் காலத்தில் செம்புக் கம்பி. "சார், எங்க வீட்டுல நெட் போட்டா எவ்ளோ வேகம் வரும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அதுதான் பெரிய வேலை. கம்பி எவ்வளவு தூரம் போகிறது, எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறோம், எந்த ஒட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும்.

தாம்பரத்தைச் சுற்றியே என் பணிக்காலம் கழிந்தது. அந்த எண்ணைச் சொல்வதில் ஒரு தப்பைப் பல வருடங்கள் செய்தேன். தெரியாமல் செய்ததில்லை, தெரிந்தே செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், அழ வைக்கிற கதை இல்லை. நடுவில் ஒரு பெரியவர் வருவார். அவர் அழ விட மாட்டார்.

முதலில் அந்தப் பழக்கம் எப்படித் தொற்றிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன். பிராட்பேண்ட் எங்கள் பகுதிக்கு வந்த புதிதில், பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பிரௌசிங் சென்டர் ஆரம்பித்தார். அவருக்கு நாலு எம்.பி. வரும் என்று வாக்குக் கொடுத்தேன். ஒன்றரைதான் வந்தது. அவர் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கவுன்டரில் நின்ற கூட்டத்துக்கு நடுவே, "நாலுன்னு சொன்ன வாய் எங்க சார்? கொஞ்சம் கூப்பிடுங்க, பார்க்கணும்" என்று கேட்டார். அந்த வாயோடு நான் உள்ளே மறைந்து நின்றேன்.

அன்று சாயங்காலம் என் மேலதிகாரி என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். தங்கமான மனிதர். ஏணியில் ஏறத் தெரியாத அதிகாரி லைன்மேனை ஏறச் சொல்லக் கூடாது என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறிக் காட்டியவர். அவரிடம் நான் கற்றதெல்லாம் நல்லது, இந்த ஒன்றைத் தவிர. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அளந்ததுல பாதியைச் சொல்லுய்யா. மீதிப் பாதி உன் தூக்கத்துக்கு."

அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கினேன். எட்டு வரும் என்று தெரிந்தால் நாலு என்றேன். நாலு வரும் இடத்தில் இரண்டு. வருடக்கணக்கில் பேசாமல் கிடந்த லைன் என்றால் அளக்கும் சிரமமே வேண்டாம் என்று ஒரே வார்த்தை: "வராது." என் மீது ஒரு புகார்கூட வந்ததில்லை. வருடாந்திர மதிப்பீட்டில் நல்ல பெயர். நானும் அதை என் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வராது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் எதைக் காட்டிப் புகார் கொடுப்பார்? வந்த வேகத்தை அளந்து பார்த்துச் சண்டை போடலாம். போடாமலே விட்ட இணைப்பை எந்த மீட்டரில் அளப்பது? இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்கு ஓய்வு பெறும் வருடம் வரவேண்டியிருந்தது.

ஊரடங்குக் காலம். எல்லாருக்கும் வீட்டிலேயே பள்ளிக்கூடம், வீட்டிலேயே ஆபீஸ். மூலையில் கிடந்த பழைய லேண்ட்லைன்களின் ஞாபகம் ஊருக்கே வந்தது. ஒருநாள் காலையில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே முகக்கவசத்தோடு ஒரு பெண்மணி வந்து நின்றார். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"சார், என் பேர் கலைச்செல்வி. மாடம்பாக்கம். ஸ்கூல்ல பயாலஜி எடுக்கறேன். எங்க அப்பா பேர்ல ஒரு லைன் இருந்தது. அவர் போனதுக்கப்புறம் கட்டாம விட்டுட்டோம். ரொம்ப வருஷம் ஆச்சு. அதுல நெட் வருமா?"

"கேபிள்காரங்க யாரும் தரலியாம்மா?"

"ஊரடங்கு முடியட்டும்ங்கறாங்க. எங்க தெரு ஏரிக்கரைப் பள்ளத்துல இருக்கு சார். மொட்டைமாடிக்குப் போனா மொபைல்ல ரெண்டு புள்ளி வரும். காத்தடிச்சா ஒண்ணு."

அவசரம் என்னவென்று கேட்டேன். பி.எச்.டி. வாய்மொழித் தேர்வாம். தேர்வாளர்கள் வீடியோவிலேயே நடத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தவர். வாங்க முடிந்த கால நீட்டிப்பையெல்லாம் வாங்கி முடித்துவிட்டார். இந்த மாதக் கடைசியோடு பதிவு காலாவதி. நடுவில் வீடியோ அறுந்து தேர்வு நின்றுபோனால் மறுபடி ஒரு தேதி கிடைப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். பிறகு முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். வேறு வீட்டுக்குப் போய் உட்காரலாம் என்றால், அந்த நாட்களில் சொந்தத் தம்பியையே வாசலில் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தது ஊர்.

"எதுல ஆராய்ச்சி?"

"நத்தை சார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நத்தைங்க." முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "அதனால வேகம் கம்மியா இருந்தாலும் நான் கோச்சுக்க மாட்டேன்."

உள்ளே போய் அந்தப் பழைய ஜோடிக் கம்பியைத் தேடிப் பிடித்து மீட்டரில் போட்டேன். அதிர்ஷ்டவசமாக வேறு யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடந்தது. மீட்டர் முள் ஒரு துள்ளுத் துள்ளி இறங்கியது. லைனின் மறுமுனையில் ஒரு தொலைபேசி மாட்டியிருந்தால்தான் முள் அப்படித் துள்ளும்.

வெளியே வந்து கேட்டேன். "வீட்டுல பழைய போன் இன்னும் மாட்டியிருக்காம்மா?"

"இல்லியே சார். எப்பவோ இரும்புக்காரருக்குப் போட்டாச்சு."

அப்படியானால் ஈரம் என்று முடிவு செய்தேன். ஈரத்துக்கு முள் சாயும், துள்ளாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஈரம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

"ஒரு எம்.பி. கூட வராதும்மா. வீடியோவுக்கெல்லாம் தாங்காது."

"ஒண்ணுகூடன்னா எவ்ளோ சார்? முக்காலா, அரையா?"

"அப்படித் துல்லியமா சொல்ல முடியாது."

"எனக்கு வர்ற வேகத்தைவிடப் போற வேகம்தான் முக்கியம். என் முகமும் குரலும் அந்தப் பக்கம் போகணும்."

"அது இன்னும் கம்மியாத்தான் இருக்கும்."

அவர் போகவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மரியாதையாகவே கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு குட்டையில இவ்ளோ நத்தை இருக்குன்னு நான் எழுதினா, கூடக் குறைய எவ்ளோ இருக்கலாம்னும் சேர்த்து எழுதணும். இல்லேன்னா என் கைடு தூக்கி எறிஞ்சிடுவார். நீங்க சொன்ன நம்பர் அளந்து சொன்னதா, பயந்து சொன்னதா?"

எனக்குப் பின்னால் நின்றிருந்த லைன்மேன் அந்தோணி கொடுத்த சத்தம் இருமல் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி எதிரே உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை அந்தக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சில் பழைய எண்ணோடே உயிர் கொடுத்துவிட்டு, அந்தோணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஜி.எஸ்.டி. ரோடு துடைத்து வைத்தது போல் இருந்தது.

"சார், இந்த ரோட்ல நான் இவ்ளோ ஸ்பீடா போனதே இல்ல" என்றார் அந்தோணி. "இதுக்கு நீங்க எவ்ளோ வரும்னு சொல்லியிருப்பீங்க?"

"பேசாம வாய்யா."

"பாதி சொல்லியிருப்பீங்க."

மாடம்பாக்கத்தில் அந்தத் தெரு உண்மையிலேயே பள்ளத்தில்தான் இருந்தது. கலைச்செல்வியின் வீட்டுக் கூடத்தில் புத்தகங்களுக்குச் சமமாகக் கண்ணாடிச் சீசாக்கள். ஒவ்வொன்றிலும் நத்தை ஓடு. அவருடைய கணவர் எங்களைப் பார்த்ததும் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "வரும்னு சொல்லுங்க சார், ரெண்டு வாரமா நான்தான் சமைக்கறேன்" என்றார்.

மோடத்தை மாட்டினோம். விளக்கு சிமிட்டியது, நின்று எரிந்தது, அணைந்தது. மறுபடி சிமிட்டியது. எரிந்த நேரத்தில் பார்த்தால் வருகிற வேகம் ஒன்றுக்கும் கீழே. போகிற வேகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது அல்லவா! எதிரே அந்த அம்மாள் முகம் வாடி நிற்கிறார், நான் உள்ளுக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன். "பாத்தீங்களாம்மா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் மேசையில் இருந்த சீசாக்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் என் சந்தோஷம் புளித்துப்போனது. அப்போதுதான் முள் துள்ளியது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. போன் இல்லாத வீட்டில் முள் ஏன் துள்ளியது?

மொட்டைமாடிக்கு ஏறினேன். இரண்டு புள்ளி இருந்தது. என் மொபைலில் அந்தப் பழைய எண்ணைப் போட்டுக் கூப்பிட்டேன்.

கீழே வீட்டில் சத்தமில்லை. பின்பக்கம், முருங்கை மரத்துக்கு அந்தாண்டை இருந்த ஓட்டு வீட்டுக்குள் மணி அடித்தது. பழைய காலத்து மணி. கிணுகிணுவென்று தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கலைச்செல்வி கொல்லைப்புறத்துக்கு ஓடி வந்து, வாயில் கைவைத்து நின்றார்.

மணி நின்றது. என் காதில் ஒரு குரல்.

"அலோ! யாரு?"

"டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். நீங்க யாருங்க?"

"நல்லா கீதே கத! நீ கூப்ட்டு என்னையே யாருன்னு கேக்கற?"

அவர் பெயர் கோதண்டம். கலைச்செல்வியின் அப்பாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. விஷயம் இவ்வளவுதான். அந்த நாட்களில் தொலைபேசிக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெருவில் ஒரு வீட்டுக்குப் போன் வந்தால் பத்து வீட்டுக்கு அதுதான் எண். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள். பக்கத்து வீட்டில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். கோதண்டத்துக்கு அழைப்பு வரும்போதெல்லாம் கொல்லையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை போன அண்ணன், ஒரு நாள் முருங்கை மரத்து வழியாகக் கம்பி இழுத்து, தம்பி வீட்டிலும் ஒரு போனை மாட்டிவிட்டார். இந்த மாதிரி இழுத்த கம்பி எங்கள் பகுதியில் தெருவுக்கு நாலு இருந்தது. நாங்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி போவோம். காலப்போக்கில் அண்ணன் வீட்டுச் சுவரில் அந்தக் கம்பியின் மேல் பலமுறை வெள்ளையடித்துவிட்டார்கள். இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கிளைக் கம்பியும் அதன் நுனியில் தொங்கிய போனும்தான் பிராட்பேண்டை விழுங்கிக்கொண்டிருந்தன.

"இதோ, இங்கேர்ந்துதான் போவுது" என்றார் அந்தோணி, சுவரைச் சுரண்டி. கையில் கட்டர். "சார், இங்கயே நறுக்கிடவா? ஒரு செகண்டு. அவருக்குத் தெரியவா போவுது?"

நியாயமாகப் பார்த்தால் நறுக்கலாம். கம்பி இருப்பது இந்த வீட்டுச் சுவரில். விதிப்படியும் அது இருக்கக் கூடாத கம்பி. தேர்வுக்கு நான்கு நாள்கூட இல்லை. நான் தலையாட்டப் போனேன்.

"வேண்டாம் சார்" என்றார் கலைச்செல்வி. "அது அப்பா இழுத்தது. சித்தப்பாவைக் கேட்டுட்டு வெட்டுங்க."

"நீங்களே கேட்டுட்டு வந்துடுங்களேன்."

அவர் கணவர் கரண்டியோடு குறுக்கே வந்தார். "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல சார். எங்க மச்சினி கல்யாணத்துல, பந்தியில வெச்சு, நத்தை பொறுக்கறதுக்கு ஒரு படிப்பான்னு கேட்டுட்டார். அதுலேர்ந்து டூ."

ஆகவே நான் போனேன். கோதண்டம் வாசலிலேயே நின்றிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல சட்டை ஒன்றை அவசரமாக மாட்டியிருந்தார், பொத்தான் ஒன்று மாறியிருந்தது. உள்ளே முக்காலியில் அந்தக் கறுப்புப் போன், பூவேலை செய்த துணி உறைக்குள். நெற்றியில் பொட்டு வைத்தது போல் எண் வட்டத்துக்கு மேலே குங்குமம்.

"வருசா வருசம் ஆயுத பூசைக்குத் தொட்ச்சி வெப்பேன்" என்றார்.

நான் நிலைமையை விளக்கினேன். இந்தக் கம்பியை எடுத்துவிட்டால்தான் அண்ணன் மகளுக்கு இணையம் கிடைக்கும். எப்படியும் இது செத்துப்போன லைன்தானே.

"செத்துப் போச்சுன்னு எவன் சொன்னது? யாரும் கூப்டல, அவ்ளோதான். நீ கூப்ட்ட, அடிச்சுதா இல்லியா?"

"அடிச்சுது."

"அப்புறம் இன்னா? எங்கண்ணன் குடுத்த போனு சாரே இது. அவரு அந்தாண்ட எடுப்பாரு, நான் இந்தாண்ட எடுப்பேன். வெளியூர்லேர்ந்து பேசறவனோட மூணு பேரா பேசிகினு இருப்போம். இத்த அறுக்கணும்னா, அந்த நத்தக்காரிய வந்து கேக்கச் சொல்லு."

திரும்பி வந்தேன். "நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார் கலைச்செல்வி. "ஆனா அவர் சரின்னு சொல்ற வரைக்கும் வெட்டவும் கூடாது."

ஒருபக்கம் ரோஷம், இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய ரோஷம், நடுவில் முருங்கை மரம். நான் கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து இந்தத் தொழிலில் நான் கற்றது 'இது அல்லது அது' என்று முடிவெடுக்கத்தான். அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்துதான், இரண்டையும் விடாமல் ஏன் செய்யக் கூடாது என்று முதல்முறையாக யோசித்தேன். எங்கள் பையில் ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். லைனில் வரும் பேச்சை ஒரு பக்கமும் இணையத்தை இன்னொரு பக்கமுமாகப் பிரிக்கிற பெட்டி. கிளைக் கம்பியைச் சுவரில் ஒட்டியிருந்த இடத்திலிருந்து எடுத்து, இந்தப் பெட்டியின் பேச்சு வாசலில் மாட்டினால், கோதண்டத்தின் போன் பெட்டிக்குப் பின்னால் போய்விடும். இணையத்தின் வழியில் குறுக்கே நிற்காது. போனும் பேசும்.

தினமும் கையாளுகிற பெட்டி. அதை இப்படி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இரண்டு பேர் அடம் பிடிக்க வேண்டியிருந்தது.

மாட்டிவிட்டு அந்தோணி மோடத்தைப் போட்டார். விளக்கு சிமிட்டியது. நின்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வருகிற வேகம் ஏழைத் தாண்டியது. போகிற வேகம் வீடியோவுக்குத் தேவையானதைவிடத் தாராளமாக இருந்தது. கலைச்செல்வியின் கணவர் கரண்டியை உயர்த்திக் கத்தியதில் சீசா ஒன்று கீழே விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"சொல்லுங்க சார்" என்றார் கலைச்செல்வி. "இப்ப எவ்ளோன்னு சொல்றீங்க?"

"ஏழு. கூடக் குறைய அரை இருக்கலாம்."

அப்படி ஒரு பதிலை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

தேர்வு நாளன்று விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கிளைக் கம்பி நனைந்திருக்கும். பெட்டி வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்த்துத்தான் வந்திருந்தேன், ஆனால் நனைந்த கம்பியில் யாராவது போனைத் தூக்கினால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. என்னை யாரும் வரச் சொல்லவில்லை. லைனைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போய், நேராகக் கோதண்டம் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, தேர்வு முடியற வரைக்கும் போனைத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

அவர் வீட்டுப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கலைச்செல்வியின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் இருந்த நடுக்கம் மெல்லப் போய்க் குரல் நிமிர்ந்தது. கோதண்டம் காதைக் கையால் குவித்துக்கொண்டு, "இன்னா சொல்லுது?" என்றார்.

"சாக்கடைத் தண்ணி கலக்கற இடத்துல எந்த நத்தை பொழைக்குது, எது பொழைக்கலைங்கறாங்க."

"உம்."

"அதை வெச்சே சதுப்பு நிலம் எங்கெங்க கெட்டுப் போயிருக்குன்னு கண்டுபிடிக்கலாமாம்."

"நத்தைய வெச்சா?"

"நத்தையை வெச்சு."

வெளியூர் ஆண் குரல் ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஏதோ கேட்க, கலைச்செல்வி சொன்ன பதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். "யாரு சிரிக்கறது?" "பெரிய பெரிய பேராசிரியருங்க. அவங்க சொன்னதை ரசிச்சுச் சிரிக்கறாங்க." அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் துணி உறை முக்காலியில் கிடந்தது, போன் அவர் காதில் இருந்தது, விரல் எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அலோ! கேளம்பாக்கமா? அப்பா பேசறேன். ஆமா, நம்ம போன்லதான்! இன்னாது, வேலையா கீறியா? அது கெடக்கட்டும். இங்க நம்ம செல்வி பெரிய பெரிய வாத்தியாருங்களையே சிரிக்க வெச்சிகினு கீது!"

என் கை பாய்ந்தது. போனின் மேலே ரிசீவர் உட்காரும் கொக்கியை ஒரு அழுத்து அழுத்தினால் பேச்சு அறுந்துவிடும். அவர் பேசுவது அறுந்தால் கலைச்செல்வி பேசுவது பிழைக்கும். விரல் கொக்கியைத் தொட்டுவிட்டது. அப்போது எனக்கே ஒரு கேள்வி: இந்தக் கை அளந்து போகிறதா, பயந்து போகிறதா? அந்தப் பெட்டியை மாட்டியது நான். அது என்ன செய்யும் என்று தெரிந்து மாட்டினேன். நனைந்த கம்பியும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. என் கணக்கை என் கையே நம்பவில்லை.

கையை எடுத்துவிட்டு, மழையில் இறங்கி, முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு கலைச்செல்வியின் ஜன்னலுக்கு ஓடினேன். திரையில் மூன்று முகங்கள். நடு முகம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஒரு இடத்திலும் உறையாமல். பேச்சு தண்ணீர் மாதிரி வந்தது. எனக்குப் பின்னாலிருந்து கோதண்டத்தின் குரல் கேளம்பாக்கத்துக்கு நேரடியாகவே கேட்கும் அளவுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. ஒரே கம்பியில் இரண்டும் போயின. நான் நனைந்துகொண்டு நின்றேன். நடு முகம் கேட்டது இதுதான்: உங்கள் எண்ணிக்கையில் பிழை எவ்வளவு இருக்கலாம்? கலைச்செல்வி தயங்காமல் சொன்னார். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அவர் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது. சிரிக்காமல் சமாளித்துவிட்டார்.

முடிந்ததும் அந்த நடு முகம், "வாழ்த்துகள், டாக்டர் கலைச்செல்வி" என்றது. அதன் பிறகு அந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். கணவர் கேசரியோடு வந்தார், மஞ்சளுக்குப் பதில் பச்சையாக இருந்தது, ஆனாலும் தின்றோம். கலைச்செல்வி ஒரு கிண்ணத்தில் கேசரியை எடுத்துக்கொண்டு மழையிலேயே கொல்லைக்குப் போனார். கோதண்டம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இப்போது வேறு யாரோ உறவுக்காரர்.

"சித்தப்பா, போனை வைங்க. காது வலிக்கப் போவுது."

பந்தியில் நடந்ததற்குப் பிறகு அவர் சித்தப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. கோதண்டம் ரிசீவரைக் கையால் மூடினார். "நத்தையப் பத்தி நான் சொன்னது..." என்று ஆரம்பித்து, கிண்ணத்தைப் பார்த்தார். "இன்னாது இது, பாசி மாதிரி கீது?"

"உங்க மாப்பிள்ளை பண்ணது. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனக்கு அதன் பிறகு பணியில் சில மாதங்களே மிச்சம். ஞாபகத்தில் இருந்த வீடுகளுக்கெல்லாம் அந்தோணியை அழைத்துக்கொண்டு போனேன். நான் வராது என்று சொன்ன வீடுகள். "முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன், மறுபடி அளந்து பார்க்கட்டுமா?" என்று வாசலில் நின்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். சேலையூரில் ஒரு வீட்டில் வேகம் நன்றாகவே வந்து, அந்த வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஊரடங்கு ஞாபகம் வந்து தள்ளி நின்றார். பல வீடுகள் அடுக்குமாடியாகிவிட்டன. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள், அன்று நான் சரியாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் செய்தது நான்தான். அந்த வருத்தம் என்னோடு இருக்கட்டும், உங்களுக்கு வேண்டாம். நீங்கள் அளந்ததை அளந்தபடி சொல்லுங்கள், கூடக் குறைய எவ்வளவு என்பதையும் சேர்த்து. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். கவுன்டரில் நாலு பேர் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடம்பாக்கத்துக்கும் இப்போது கண்ணாடி இழை வந்துவிட்டது. கலைச்செல்வி வீட்டில் இணையம் அதில்தான். ஆனால் அந்தச் செம்புக் கம்பியை எடுக்கச் சித்தப்பா விடவில்லையாம். எப்போதாவது, மனது சரியில்லாத நாட்களில், நான் அந்த எண்ணைக் கூப்பிடுவேன். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவார்.

"அலோ, டாக்டர் வூடு."

"ஐயா, நான்தான். லைன் எப்படி இருக்கு?"

"யாரு, சாரா? நீ வராதுன்னு சொன்ன லைன்தானே? நல்லா கீது. நீ எப்டி கீற?"